பூங்கொடி உண்டியலில் ஏழு தீப்பெட்டி

மேஜைமேல் ஏழு தீப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. முதலாளி முத்துகிருஷ்ணன் அவற்றிலிருந்து இரண்டடி தள்ளி நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு லாரி லாரியாகத் தீப்பெட்டி அனுப்புகிற மனிதர் ஏழே ஏழு பெட்டியைக் கண்டு வேர்ப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மணி ரெண்டாச்சு," என்றார். "நாலு மணிக்கு எஸ்.ஐ. மந்திரமூர்த்தி ஜீப்போட வருதாரு. அதுக்குள்ள நீங்க ஒரு பேரைச் சொல்லணும். என்னையக் கேட்டா, அந்தப் பேரு எனக்குத் தெரியும். காக்கிச் சட்டை போட்டு வாசல்ல உக்காந்திருக்கான்."

"தெரிஞ்சிருந்தா எங்கள எதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டீய? மத்தியானச் சாப்பாட்டுக்கா?" என்றேன். சாப்பாடு போடவில்லை என்பது வேறு விஷயம்.

என் பாஸ் மணிகண்டபிரபு என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்துபோன தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசு ஆபீஸ்களிலும் (எங்கள் ஊரில் ஃபேக்டரிக்கு ஆபீஸ் என்றுதான் பேர்) சாம்பலைக் கிளறி, தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஒரு தடவை மாற்றி எழுதச் சொன்னார்கள். வேலையை உதறிவிட்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் விஜி. அவருடைய உதவியாளர், டைப்பிஸ்ட், ஸ்கூட்டி டிரைவர். வேலை மூன்று, சம்பளம் ஒன்று.

விஷயம் இதுதான். எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற இந்தத் தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருஷம் பெட்டி அடைத்தவள் பூங்கொடி. பெட்டி அடைப்பது என்றால், மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளைக் கையால் அள்ளிக் காலிப் பெட்டியில் வைத்து மூடுவது. போன வருஷம் ஆடியில் அவள் செத்துப்போனாள். நரம்பு பட்டுப்போய், கை விழுந்து, கால் விழுந்து, கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் போகிற நோய். குணமாக்க மருந்து கிடையாதாம். மதுரையில் ஒரு டாக்டர் அந்த நோயை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கூட வேலை பார்த்த பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு கட்டுப் பெட்டி அடைத்த கூலியைப் பூங்கொடி பேரில் அந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று முடிவு. ஷெட்டில் ஒரு தகர உண்டியல் வைத்தார்கள். 'பூங்கொடி கட்டு' என்று அதற்குப் பேரும் வந்துவிட்டது. தொடங்கி வைக்க அந்த டாக்டரே மதுரையிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனார்.

மாதம் ஒரு தடவை உண்டியலைத் திறப்பார்கள். ஏழு மாதமும் பணத்துக்கு நடுவில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. முதல் மாதம் ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள். நேற்றுத்தான் முதலாளிக்குச் சந்தேகம் வந்து, மேஸ்திரி அழகுத்தாய் பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஆறு பெட்டியையும் வாங்கி, ஏழாவதோடு வைத்துக் குச்சிகளை எண்ணியிருக்கிறார்.

"முதல் மாசம் முழுசா அம்பது. பொறவு நாப்பத்தொம்பது, நாப்பத்தேழு, நாப்பத்தாறு, நாப்பத்திரண்டு, முப்பத்தெட்டு. நேத்து முப்பத்திமூணு." இன்னும் ஓர் அடி பின்னால் போனார். "கொறஞ்சுகிட்டே வருது பாத்தீங்களா? நாளைக்குப் பூங்கொடிக்கு வருஷ நினைவு நாள். டாக்டரு வருதாரு. ஷெட்டுல எல்லாப் பொம்பளையாளும் இருப்பாவ. நாள் எண்ணுதான் அண்ணாச்சி! இங்கன ஒரு குச்சி போதும், ஒத்தக் குச்சி!"

அதுவரை என் நாக்கு துறுதுறுத்துக்கொண்டிருந்தது. மருந்து காய்ந்துகிடக்கிற அந்தக் கட்டடத்தையும் வெளியே சுழற்றியடிக்கிற ஆடிக் காற்றையும் நினைத்ததும் அது அடங்கிவிட்டது. 

"வாட்ச்மேன் மேல ஏன் சந்தேகம்?" என்றார் பிரபு.

"சுடலைமணியா? அவன் பூங்கொடி புருசன்லா. அவ சாகுறதுக்கு ரெண்டு வருசம் முந்தி வாசல்ல நின்னு, 'இந்த ஆபீசைக் கொளுத்தாம விடமாட்டேன்'னு கத்துனான். முந்நூறு பேரு கேட்டாவ."

"எதுக்குக் கத்தினாரு?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். "பூங்கொடி பெட்டியில குச்சி கொறையாப் போட்டா. திரும்பத் திரும்பப் போட்டா. ரெண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னேன். அவளுக்கு நோய்னு அப்ப யாருக்குத் தெரியும்? நான் என்ன டாக்டரா?"

பிரபு ஏழு பெட்டியையும் திறந்து வைத்தார். அரை நிமிஷம் பார்த்தார். அவர் மூக்கைத் தடவினால் ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தடவினார்.

"விஜி, நீ ஒருத்தரை மிரட்டணும். மாசம் ஒரு பெட்டி. குச்சியைக் குறைச்சுக்கிட்டே வரணும். எப்படிக் குறைப்பே?"

"அம்பது, நாப்பது, முப்பது. இல்லன்னா ஏழு, ஆறு, அஞ்சு. பாக்குறவன் பதறணும்லா."

"இந்த ஆளு ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, நாலு, நாலு, அஞ்சுன்னு குறைச்சிருக்கான். எண்ணிக் குறைக்கிறவன் இப்படியா குறைப்பான்? ரெண்டாவது, ஏழு மாசமா மிரட்டுறான், ஒரு துண்டுச் சீட்டு இல்லை. என்ன வேணும்னு சொல்லாம என்ன மிரட்டல் இது?"

"வாய் பேசாத மிரட்டல்காரனா இருக்கும்," என்றேன். "நம்ம ஊர்ல அது அதிசயம்தான்."

"மூணாவது, குச்சியைப் பாருங்க. மருந்து முனை அத்தனையும் ஒரே பக்கம். ஒரு குச்சி எதிர்ப்பக்கம் திரும்பலை. தட்டிச் சமமாக்கி வச்சிருக்கு. இது பெட்டி அடைச்சே பழகின கை. வாட்ச்மேன் கைக்கு இது வராது."

"சொல்லிக் குடுத்திருப்பா பொண்டாட்டி," என்றார் முதலாளி. அந்தப் பேரை விடுகிற உத்தேசம் அவருக்கு இல்லை. "நாலு மணி, அண்ணாச்சி. நீங்க வேற பேரு சொல்லலைன்னா நான் இவன் பேரைச் சொல்லிருவேன். உண்டியலையும் இன்னையோட தூக்கிருவேன்."

வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் சுடலைமணி. ஐம்பது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, தொப்பியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தீப்பெட்டி விஷயமா வந்திருக்கோம்," என்றார் பிரபு.

"தெரியும் சார். நான் போடல. அது எம் பொண்டாட்டி பேருல இருக்க உண்டியலு. அதுல போயி நான் சேட்டை பண்ணுவனா? அன்னைக்குக் கத்துனேன், உண்மைதான். கோவத்துல கத்துனேன். பொறவு முதலாளி கால்லயும் விழுந்துட்டேன்."

"நீங்க போடலைன்னு எனக்கும் தெரியுது. இதைப் போட்டது பெட்டி அடைக்கிற ஒரு பெண்ணு."

சுடலைமணியின் அக்குளிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"நான்தான் சார் போட்டேன்," என்றார்.

"என்ன அண்ணாச்சி," என்றேன் நான், "இப்பத்தான சத்தியம் பண்ணாத குறையா இல்லன்னீய. ஒரு நிமிசத்துல மனசு மாறிட்டா?"

"நான்தான் போட்டேன். ஏழு மாசமும் நான்தான். கொளுத்தணும்னுதான் போட்டேன். எழுதிக்கிடுங்க."

பிரபு சட்டைப் பையிலிருந்து ஒரு காலிப் பெட்டியையும், முதலாளி அறையிலிருந்து எடுத்துவந்த ஒரு கட்டுக் குச்சியையும் ஸ்டூல்மேல் வைத்தார். "அடைச்சுக் காட்டுங்க."

சுடலைமணி அள்ளினார். பாதிக் குச்சி மண்ணில் சிதறியது. மீதியைப் பெட்டிக்குள் திணித்தபோது மூடி ஏறவில்லை. இழுத்து மூடியதில் பெட்டியின் மூலை கிழிந்தது. திறந்து பார்த்தால் குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தலையும் வாலும் தாறுமாறாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். அந்த மனிதர் குனிந்து மண்ணில் சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைப் பார்த்ததும் வரவில்லை.

"யாருக்காக?" என்று கேட்டார் பிரபு, மெதுவாக.

"யாருக்காகவும் இல்ல. ஜீப்பு எப்ப சார் வருது? ரெண்டு சட்டை எடுத்துப் பையில வச்சுட்டேன்." ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போது அவர் கண் பெட்டி அடைக்கிற ஷெட் பக்கம் ஒரு தடவை போய்ச் சட்டென்று திரும்பியது.

மணி இரண்டு ஐம்பது.

"ஷெட்டுல அவரு வீட்டாளு யாரு இருக்கா?" என்று நடந்துகொண்டே கேட்டேன். பதிலும் நானே சொன்னேன். "மக. பேரு ஐஸ்வர்யா. இருவத்தஞ்சு வயசு. கேட்டுல வருகைப் பதிவுல பாத்தேன். இனிஷியல் 'சு'. அண்ணாச்சி, கேஸ் முடிஞ்சுது. அம்மாவை வேலைய விட்டு நிறுத்துனதுக்கு மக பழி வாங்குதா. அப்பன் பாத்துட்டான். அவன் போயி ஜெயில்ல உக்காரத் தயாராயிட்டான்."

"அப்படித்தான் சுடலைமணியும் நினைக்கிறாரு," என்றார் பிரபு.

"நீங்க வேற மாதிரி நெனைக்கீயளா?"

"இன்னும் நினைக்கலை. பாக்கணும்."

ஷெட்டில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு முன்னால் ஒரு தட்டில் குச்சி, பக்கத்தில் காலிப் பெட்டிக் குவியல். அள்ளுவதும் வைப்பதும் மூடுவதும் கண் எட்டாத வேகத்தில் நடந்தன. ஒருத்திகூடக் குச்சியை எண்ணவில்லை. பேசிக்கொண்டே, டிவி சீரியலில் மருமகள் செய்ததைத் திட்டிக்கொண்டே அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி அழகுத்தாய் எங்களை எதிர்கொண்டாள். கட்டைக் குரல், கழுத்தில் சாவிக்கொத்து. பூங்கொடி கட்டை ஆரம்பித்ததும் அவள்தான்.

"எண்ணாமயே எப்படிக்கா அம்பது வருது?" என்று கேட்டேன்.

"எண்ணுனா என்னைக்குக் கூலி வாங்க? கைதான் கணக்கு. ஒரு கை அள்ளுனா ஒரு பெட்டி. பத்து வருசம் அள்ளுன கையி, தூக்கத்துல அள்ளுனாலும் ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது."

பிரபு மூக்கைத் தடவினார். இந்தத் தடவை மிக மெதுவாக. பிறகு எல்லோரையும் ஆளுக்கு ஒரு கை அள்ளச் சொன்னார். பக்கத்திலிருப்பவள் அதை எண்ண வேண்டும். போட்டி என்று நினைத்துப் பெண்கள் குஷியாகிவிட்டார்கள். "ஏட்டி, ஒளிக்காம எண்ணு!" "ஒனக்கு நாப்பத்தொம்பதுட்டி, நேத்து ராத்திரி சோறு திங்கலியா?" என்று ஷெட்டு கலகலத்தது. நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. யாருக்கும் இதைத் தாண்டிக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கடைசி வரிசையில் ஐஸ்வர்யா இருந்தாள். மெலிந்த பெண், நெற்றியில் சாந்துப்பொட்டு. அவளும் அள்ளினாள். பக்கத்துப் பெண் எண்ணினாள். ஐம்பது.

பிரபு தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்குப் போய் இருபது நிமிஷம் பாழ். திரும்பி நடந்தவள், அந்தப் பெண் அடுத்த பெட்டியை எடுப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். வரிசை முழுக்க வலது கைகள் தட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அவளுடையது மட்டும் இடது. பக்கத்தில் இருந்தவள் முழங்கையில் அது இடித்துக்கொண்டே இருந்தது.

"அழகுத்தாய்க்கா," என்றேன் தணிந்த குரலில். "ஐஸ்வர்யா இடது கைக்காரியா?"

"யாரு சொன்னா? அவளுக்கு அடைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்லா. சோத்தாங்கைதான்." அவளும் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "இவ எப்பருந்து இப்படி அள்ளுதா?"

"அண்ணாச்சி!" என்று பிரபுவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாட்டிக்கிட்டா! கையை மாத்தி அள்ளி நம்மளை ஏமாத்திட்டா!"

"இடது கையில சரியா அம்பது வருதுன்னா, மாசக்கணக்கா மாத்தி அள்ளியிருக்கா, விஜி. நாம வந்தது இன்னைக்கு." அவர் முகத்தில் கேஸைப் பிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "மிரட்டுறவ பெட்டியை மறைப்பா. கையை எதுக்கு மறைக்கணும்?"

வாசல் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. ஜீப். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. முதலாளியின் குரல் யாரையோ வரவேற்றது. அவர் நாலு மணிவரை பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, அங்க அந்த மனுசனை ஏத்திட்டுப் போயிருவாங்க!"

"ரெண்டு நிமிஷம்." பிரபு ஐஸ்வர்யாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மா, சோத்தாங்கையால ஒரு கை அள்ளு."

அவள் அவரைப் பார்த்தாள். அழகுத்தாயைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அள்ளு தாயி," என்றார் மறுபடியும். "அள்ளலைன்னா உங்க அப்பா ஜெயிலுக்குப் போயிருவாரு."

"அப்பாவா? அவிய எதுக்கு?"

"நீ போட்ட பெட்டியை அவரு போட்டதா ஒத்துக்கிட்டாரு."

அவள் வலது கையைத் தட்டுக்குள் விட்டாள். அப்போதுதான் அந்தக் கையை நான் சரியாகப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது. விரல்கள் குச்சிகளைச் சுற்றி மூடின. தூக்கும்போது ஓரத்துக் குச்சிகள் ஒவ்வொன்றாக நழுவித் தட்டில் விழுந்தன. மிஞ்சியதைப் பழக்கப்படி தட்டிச் சமமாக்கி, மருந்து முனை எல்லாம் ஒரு பக்கம் வர, காலிப் பெட்டியில் வைத்தாள். 

நான் எண்ணினேன். முப்பத்திரண்டு.

முதலில் புரிந்துகொண்டது அழகுத்தாய்தான். "யாத்தே!" என்று வாயில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பூங்கொடிக்கு மாதிரியேட்டி... அவளுக்கும் இப்படித்தான... நான் பாவி, கள்ளத்தனமாக் கொறச்சுப் போடுதான்னு மொதலாளிட்டப் போயிச் சொன்னேனே!"

"அழாதீங்கக்கா," என்றாள் ஐஸ்வர்யா. அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. "எங்கம்மா கடைசிவரைக்கும் உங்கள ஏசல. அவளுக்கே தெரியாதுல்லா. கை ஏன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுன்னு அவ கையத்தான் ஏசுவா."

"எதுக்கும்மா உண்டியல்ல போட்டே?" என்று கேட்டார் பிரபு.

"டாக்டரு வந்தன்னைக்குப் பேசுனாருல்லா சார். எல்லாரும் பணம் பத்திப் பேசுனதத்தான் ஞாபகம் வச்சிருக்காவ. கடைசியில ஒண்ணு சொன்னாரு. 'எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் கை விழுந்த பிறகுதான் வர்றாங்க. நோய் தொடங்குற மாசங்கள்ல பலம் எப்படிக் குறையுதுன்னு யாருகிட்டயும் ஒரு குறிப்பு இல்லை. பணத்தைவிட அதுதான் எங்களுக்குப் பெரிய உதவி'ன்னாரு. அப்பமே எனக்கு விரல்ல தசை துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்கம்மாவுக்குத் துடிச்சத நான் பாத்திருக்கேன்." அவள் பெட்டியை மூடினாள். "நான் என்ன படிச்சேன், எழுதிக் குடுக்க? எனக்குத் தெரிஞ்ச அளவு இது ஒண்ணுதான். மாசம் ஒரு நாள், சோத்தாங்கையால ஒரு கை அள்ளி, வந்தது வரட்டும்னு அடைச்சுப் போட்டேன். அக்கா எடுத்து வைக்காவன்னு தெரியும். நாளைக்கு டாக்டரு வரும்போது பணத்தோட சேத்துக் குடுப்பாவன்னு இருந்தேன்."

"மொதலாளி பயந்து போலீசைக் கூப்பிடுதாரு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேட்டி!" என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிருமே அக்கா. ரெண்டு வருசம் எங்கம்மாளைத் தூக்கிச் சுமந்தாவ. இப்ப ரெண்டு மாசமாத்தான் ஒழுங்காத் தூங்குதாவ."

வெளியே ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஐஸ்வர்யா எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன். பின்னால் வந்த பிரபு காதில் போனை வைத்துக்கொண்டு, "ஆமா டாக்டர்... ஏழு மாசத்துக்கு இருக்கு. இன்னைக்கோட எட்டு," என்று சொல்வது கேட்டது.

ஜீப் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு மூக்கை நீட்டியிருந்தது. ஐஸ்வர்யா நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்ததில் கரிசல் தூசி எழும்பி எல்லோர் மேலும் விழுந்தது. எஸ்.ஐ. மந்திரமூர்த்தி கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏ பொண்ணு, சாகணுமா ஒனக்கு?"

"எங்கப்பாவ எறக்கி விடுங்க சார். பெட்டி போட்டது நான்."

பின் சீட்டில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுடலைமணி பாய்ந்து எழுந்தார். தலை கூரையில் இடித்தது. "அவ பொய் சொல்லுதா சார்! நான்தான் போட்டேன்! நீங்க வண்டிய எடுங்க! ஏட்டி, வீட்டுக்குப் போட்டி!"

"அப்பா, நான் யாரையும் மிரட்டல. எறங்கு."

"எனக்கு எல்லாம் தெரியும். நீ அஞ்சாவது மாசம் போட்டத நான் பாத்துட்டேன். பேசாமப் போ!"

முதலாளி என்னிடம், "என்ன நடக்கு?" என்று கேட்டார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவரைத் திட்டுவதற்கு எட்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் பார்த்த பார்வையில் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஐஸ்வர்யா ஜீப்பின் பின்பக்கம் போனாள். வலது கையை மட்டும் அப்பாவிடம் நீட்டினாள்.

சுடலைமணி முதலில் அதைத் தட்டிவிடத்தான் போனார். தட்டப் போன கை நின்றது. மகளின் கையை வாங்கி, திருப்பி, கட்டைவிரல் பக்கத்துக் குழியில் தன் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். இரண்டு வருஷம் இதேபோல ஒரு கையைப் பிடித்துச் சோறு ஊட்டிய மனிதர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரபு ஜீப்பருகே வந்தார். "டாக்டர்கிட்டப் பேசிட்டேன் சுடலைமணி. அதே நோய்தானான்னு சோதிச்சாத்தான் தெரியும்னாரு. அதுவாவே இருந்தாலும், இவ்வளவு சீக்கிரத்துல, இவ்வளவு குறிப்போட யாரும் தன்கிட்ட வந்ததில்லையாம். நாளைவரைக்கும் வேண்டாம், இன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னாரு. பெட்டிகளையும்."

"என் காரு நிக்கி," என்றார் முதலாளி. சட்டைப் பையில் சாவியைத் தேடினார். "நானே ஓட்டுதேன். ஏறுங்க."

மந்திரமூர்த்தி தொப்பியைக் கழற்றி, "எறங்குங்க அண்ணாச்சி, கேஸ் ஒண்ணும் இல்ல," என்று கையைக் கொடுத்தார். சுடலைமணி இறங்கவில்லை. மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பிரபுவைப் பார்த்தார்.

"இவ இந்த ஆபீசைக் கொளுத்தத்தான் பாக்கான்னு நெனச்சேன் சார்," என்றார். "அப்படியே இருந்திருக்கக் கூடாதா? பத்து வருசம்னாலும் நான் உள்ள கெடந்துட்டு வந்திருப்பேன்லா."